அஞ்சு நட்சத்திரம், கையோடு வந்த கைப்பிடி

கல்யாண நாளுக்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் மேற்குக் கரையில், சேன்-ஜில் பக்கம் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் 2 ராத்திரி தங்கினோம். காலை உணவுக்குப் பப்பாளி, சுடச்சுட குரோசான், எதிரே லகூன், அதில் குறையே இல்லை. ஆனால் உப்புக்காற்றில் துருவேறியிருந்த குளியலறைக் கதவின் கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது, வரவேற்பில் சொன்னதற்கு "நாளைக்கு" என்றார்கள், நாங்கள் கிளம்பும்வரை அந்த நாளை வரவில்லை.

இங்கே பிரான்சின் விதிதான்: ஓட்டல் தானாகக் கேட்டால் ஆய்வாளர் வந்து அறையின் அளவு, வசதி, சேவை என்று புள்ளி போடுவார், அப்புறம் அத்து பிரான்ஸ் என்ற பிரெஞ்சு அரசின் சுற்றுலா அமைப்பு நட்சத்திரம் தரும், அது 5 வருடம் செல்லும். கைப்பிடிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை போல! நட்சத்திரம் எந்த வருடம் வாங்கியது என்று கேட்டுவிட்டு அறை எடுங்கள். அந்தக் குரோசானுக்காக நான் மறுபடி போவேன், வேறு அறைக்கு.