ஏழு தலைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு: ஹாஃப்மனின் நட்கிராக்கர்

கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர்தோறும் மேடையேறும் 'நட்கிராக்கர்' (கொட்டை உடைக்கும் மரப்பொம்மை) என்ற பாலே நடன நாடகத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு, அதில் வரும் சுண்டெலி அரசன் முதல் அங்கத்தில் வாளோடு துள்ளி வந்து, சில நிமிடங்களிலேயே ஒரு சிறுமியின் செருப்படி பட்டுச் சாய்ந்துபோகும் முகமூடிக்காரன்தான். ஜெர்மானிய எழுத்தாளர் இ. டி. ஏ. ஹாஃப்மன் 1816-இல் வெளியிட்ட மூலக்கதையில் அவன் அவ்வளவு எளிதில் போகிறவன் அல்லன். அந்தக் கதையை முழுமையாக ஆங்கிலத்தில் படிக்க விரும்புகிறவர்களுக்கு, ரால்ஃப் மன்ஹைமின் மொழிபெயர்ப்பில் மொரிஸ் செண்டாக்கின் வண்ண ஓவியங்களோடு 1984-இல் வெளிவந்த பதிப்பையே நான் பரிந்துரைப்பேன். குறைகள் உள்ள நூல்தான். ஆனாலும் சிறுவர் இலக்கியம் தந்த மிகச் சிறந்த வில்லன்களுள் ஒருவனை அவனுடைய முழு வரலாற்றோடு சந்திக்க இதைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை.

ஏழு வயது மரீயின் வீட்டுக் கூடத்தில், நள்ளிரவில், அவள் காலடியிலேயே தரை வெடித்து மணலும் சுண்ணாம்பும் உடைந்த கல்லும் பீறிட்டெழ, மின்னும் கிரீடங்கள் அணிந்த ஏழு எலித்தலைகள் மேலே வருகின்றன. பிறகுதான் அவை அனைத்தும் ஒரே உடலில் முளைத்தவை என்பது தெரிகிறது. இந்த வரிசையில்தான் ஹாஃப்மனின் கைத்திறன் இருக்கிறது: முதலில் எண்ணிக்கையைக் காட்டுகிறார், பின்னரே உருவத்தைக் காட்டுகிறார். அவனுடைய எலிப்படைக்கும், மரீக்குப் பிரியமான நட்கிராக்கரின் தலைமையில் திரளும் பொம்மைகளுக்கும் நடக்கும் போரில் அச்சமும் சிரிப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. எலிப்படை எறியும் நாற்றமடிக்கும் குண்டுகள் தங்கள் சிவப்புச் சட்டைகளைக் கறைப்படுத்துகின்றன என்பதற்காகவே பொம்மைக் குதிரைவீரர்கள் முன்னேறத் தயங்குகிறார்கள். பின்னர் செய்தி அறிந்த மரீயின் அண்ணன் ஃபிரிட்ஸ், கோழைகளான அந்தப் பொம்மைகளின் தொப்பியிலிருந்து சின்னத்தை வெட்டி எடுத்து முறையாகத் தண்டிக்கிறான். மரீயோ கண்ணாடி அலமாரியில் கையை வெட்டிக்கொண்டு, இரத்தம் இழந்து, படுக்கையில் கிடக்கிறாள். பயம் உடலில் காயமாக மிஞ்சும் கதை இது.

நூலின் இதயம் அதற்குப் பிறகு வருகிறது. நோயுற்ற மரீக்கு அவளுடைய ஞானத்தந்தை டிரோசல்மையர் சில மாலைகளில் ஒரு கதை சொல்கிறார். ஓர் அரசர் விருந்து வைக்க விரும்பியதால் அரசியே அடுப்படியில் நின்று தொத்திறைச்சிக்குப் பன்றிக் கொழுப்பை வதக்குகிறாள். அடுப்புக்குக் கீழே அரசாளும் எலி அரசி மவுசரிங்க்ஸ் தனக்கும் கொஞ்சம் கேட்கிறாள். அரசி மனமுவந்து தருகிறாள். உடனே எலி அரசியின் ஏழு மகன்களும் சுற்றமும் பாய்ந்து வந்து பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறார்கள். விருந்தில் கொழுப்புக் குறைந்துவிட்டதென்று அரசர் கண்ணீர் வடித்துப் புலம்பி, அரசவைக் கடிகாரக் கலைஞனைக் கொண்டு எலிப்பொறிகள் செய்யவைத்து, அந்த ஏழு மகன்களையும் உறவினர் பலரையும் பிடித்துக் கொன்றுவிடுகிறார். எலி அரசி பழிவாங்கும் விதமாக இளவரசி பிர்லிபாட்டை அவலட்சணமாக்குவதும், அவளைக் குணமாக்கவல்ல கிராகாடுக் என்னும் உடைப்பதற்கரிய கொட்டையைத் தேடிக் கடிகாரக் கலைஞன் பதினைந்து ஆண்டுகள் அலைவதும், அதை உடைத்த இளைஞன், பின்னோக்கி வைக்கவேண்டிய ஏழு அடிகளில் கடைசி அடியில் எலி அரசிமேல் இடறி நட்கிராக்கராக மாறுவதும் அதன் தொடர்ச்சியே. அவன் குதிகாலில் நசுங்கிச் சாகும் எலி அரசி, தன் மகன் பழிதீர்ப்பான் என்று சொல்லிவிட்டே உயிர் விடுகிறாள். அந்த மகன்தான் சுண்டெலி அரசன். ஏழு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு அவள் பெற்றவன். அதனால் அவனுக்கு ஏழு தலைகள்.

இதை அறிந்தபின் அந்த உருவம் வெறும் விகாரமாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு தலையும் கொல்லப்பட்ட ஓர் அண்ணனுக்காக முளைத்தது போலிருக்கிறது. கொழுப்புத் துண்டுக்காகப் படுகொலை செய்த அரசரைக் கதை எங்கும் நல்லவர் என்று சொல்லவில்லை. அந்தப் பொறிகளைச் செய்த கடிகாரக் கலைஞனின் பெயரும் டிரோசல்மையர்தான் என்பதையும் ஹாஃப்மன் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகிறார். போர் நடந்த இரவில் அதே ஞானத்தந்தை சுவர்க்கடிகாரத்தின்மேல் ஆந்தை இருந்த இடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குழந்தைக்குக் கதை சொல்பவரே வழக்கின் ஒரு தரப்பு என்பது புரியும்.

அதற்காக வில்லனின் கொடுமை குறைந்துவிடவில்லை. படையால் வெல்ல முடியாததை அவன் மிரட்டலால் பெறப் பார்க்கிறான். இரவில் மரீயின் காதருகே வந்து, மிட்டாயையும் மார்சிபான் என்னும் பாதாம் இனிப்பையும் தராவிட்டால் நட்கிராக்கரைக் கடித்துக் குதறிவிடுவேன் என்கிறான்; கொடுத்தால், அடுத்து அவளுடைய சர்க்கரைப் பொம்மைகளைக் கேட்கிறான்; பிறகு படப்புத்தகங்களையும் புது உடையையும் கேட்கிறான். கொடுக்கக் கொடுக்கக் கேட்டுக்கொண்டே போகிறவனிடம், பெற்றோரிடம் சொல்லியும் நம்பப்படாத ஒரு குழந்தை தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். போர்க்காட்சியைவிட இந்தப் பக்கங்களே என்னை அதிகம் அச்சுறுத்துகின்றன. அவனுடைய சாவை ஹாஃப்மன் காட்டுவதில்லை. கதவு தட்டப்படுகிறது, இரத்தக்கறை படிந்த வாளோடு நட்கிராக்கர் நின்று ஏழு கிரீடங்களை நீட்டுகிறான். இவ்வளவு பெரிய பகைக்கு இவ்வளவு சுருக்கமான முடிவு போதுமா என்பது நூலைப் பற்றி எனக்குள்ள உண்மையான மனக்குறை.

தழுவல்கள் இதில் எதை வைத்துக்கொண்டன? அலெக்ஸாண்டர் டூமா 1844-இல் பிரெஞ்சில் எழுதிய மறுகூறலில் எலி அரசியின் கதை தப்பித்துக்கொண்டது. அதை அடிப்படையாக வைத்து மாரியுஸ் பெட்டிபா எழுதி, சாய்க்கோவ்ஸ்கி இசையமைத்து, 1892-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய பாலேயில் அது முற்றிலும் வெட்டப்பட்டது, மிரட்டலும் போயிற்று. விளைவாக இரண்டாம் அங்கத்தில் எதிரி என்று யாருமே இல்லை, இனிப்புகள் வரிசையாக ஆடிவிட்டுப் போகின்றன. இசையின் மேன்மை அந்த வெற்றிடத்தை மறைக்கிறது என்பது வேறு. நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்சின் 1954-இல் அமைத்த வடிவத்தில் ஏழு தலைகள் இருக்கின்றன, காரணம்தான் இல்லை. 1991-இல் மார்க் மோரிஸ் 'தி ஹார்ட் நட்' (கடினமான கொட்டை) என்ற தலைப்பிலேயே அந்த உட்கதையை மேடைக்கு மீட்டார். மேடை வடிவங்களில் நான் மதிப்பது அதைத்தான்.

திரைப்படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2001-இன் பார்பி படத்தில் நடிகர் டிம் கறியின் குரல் சுண்டெலி அரசனை ஆணவம் மிக்க கோமாளியாக்கிச் சிறுவர்களைச் சிரிக்கவைக்கிறது. நோக்கம் அவ்வளவே என்பதால் குறை சொல்ல மனமில்லை. 2010-இல் ஆண்ட்ரே கொன்சலோவ்ஸ்கியின் படம், பொம்மைகளை எரித்துப் புகையால் வானத்தை மூடும் எலி அரசனைக் காட்டி, நாஜிகளின் நினைவைக் குழந்தைக் கதைமேல் ஏற்றியது. அந்தச் சுமையைப் படம் தாங்கவில்லை. 2018-இன் டிஸ்னி தயாரிப்பில் ஆயிரக்கணக்கான எலிகள் ஒன்றுகூடி ஒரே உருவமாக அசைவது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் உண்மையான வில்லி, இனிப்பு நாட்டின் சுகர் பிளம் தேவதை என்று கதையைத் திருப்பிவிட்டதால், எலி அரசனுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

செண்டாக் பதிப்புக்குத் திரும்பினால், அதன் பிறப்பே ஒரு மேடைத் தயாரிப்பில்தான். சியாட்டிலின் பசிபிக் நார்த்வெஸ்ட் பாலேவுக்காக 1983-இல் அவர் உருவாக்கிய காட்சி வடிவமைப்புகளோடு, நூலுக்கென்றே வரைந்த படங்களும் சேர்ந்துள்ளன. முன்னுரையில், பாலே ஹாஃப்மனைத் தொலைத்துவிட்டது என்ற தம் அதிருப்தியையும் அவர் எழுதுகிறார். மேடைக்காக வரைந்த சில ஓவியங்கள் பக்கத்திலுள்ள வரிகளோடு ஒட்டாமல் தனியாக நிற்பது உண்மை. மன்ஹைமின் நடை, ஹாஃப்மனின் குறும்பையும் திடீர் இருளையும் தடுமாறாமல் கொண்டுவருகிறது. வாய்விட்டு வாசிக்கவும் ஏற்றது.

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மிரட்டல் அத்தியாயங்களைப் பெரியவர் ஒருவர் உடனிருந்து வாசித்துக் காட்டுவது நல்லது. படக்கதையாக நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். ஒரே மூச்சில் முடிக்கவும் இயலாது, மூன்று நான்கு மாலைகளுக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாலேக்கோ படத்துக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருப்பவர்கள், முடிந்தால் எலி அரசியின் கதையையாவது முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிட்டுப் போகலாம்.