பிரிட்ஜை இரவில் நிற்பாட்டுவதா, பழசைத் திருத்துவதா, இன்வேர்ட்டர் பிரிட்ஜ் வாங்குவதா?

கரண்ட் பில் கூடினால் எங்கட பக்கத்தில் எல்லாரும் முதலில் பார்ப்பது பிரிட்ஜைத்தான். 'இரவில் நிற்பாட்டு' என்று ஒருத்தர் சொல்லுவார், 'இன்வேர்ட்டர் பிரிட்ஜ் எடு' என்று இன்னொருத்தர். நான் சொல்வது, இருக்கிற பிரிட்ஜை ஒழுங்காக்கிப் பார்க்காமல் புதுசுக்குக் காசு போடாதீர்கள், இரவில் நிற்பாட்டுகிற கதையை விட்டே விடுங்கள்.

வெளியில் சூடு குறைந்து, கதவும் திறபடாத இரவில் கொம்பிரசர் எப்படியும் குறைவாகத்தான் ஓடும். நிற்பாட்டினால் உள்ளே ஏறுகிற சூட்டை விடிந்ததும் அதுவேதான் இழுத்து வெளியேற்ற வேண்டும், ஆகவே மிச்சம் சொற்பம். உள்ளே 5 பாகைக்கு மேல் போனால் கிருமி வேகமாகப் பெருகும். முல்லைத்தீவில் வாங்கி வைத்த மீன் பழுதானால் மிச்சம் பிடித்த காசு அதற்கே காணாது.

பழசைத் திருத்துவதில்தான் உண்மையான லாபம். தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வெயில் படுகிற சுவரோடு ஒட்டி வைத்த பிரிட்ஜ் ஓய்வில்லாமல் ஓடும். அதை நிழலான அறைக்கு மாற்றி, பின்னுக்கும் பக்கங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் புழுதி வந்து பின்பக்கத்துக் கறுப்புக் கம்பிச் சுருளில் போர்வை மாதிரி படிந்துவிடும், சூடு வெளியேறாது. பிளக்கைக் கழற்றிவிட்டு பழைய பெயின்ற் பிரஷால் தட்டினாலே போதும். அப்புறம் கதவு றப்பர்: ஒரு ரூபாய்த் தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், லேசாக வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது. சுடுதண்ணியில் நனைத்த துணியால் துடைத்து றப்பரை இளக்கிப் பாருங்கள், சரிவராவிட்டால் மாற்றுங்கள். ஐஸ் அரை சென்ரிமீற்றருக்கு மேல் கட்டினால் நிற்பாட்டி உருக விடுங்கள். கத்தியால் குத்த வேண்டாம், காஸ் குழாய் ஓட்டையானால் பெட்டியே போய்விடும்.

இவ்வளவும் செய்துவிட்டு அளந்து பாருங்கள். படுக்கப் போகும்போதும் எழும்பும்போதும் மீற்றரைப் பார்த்து, ஓடின ஃபேன், லைற் போன்றவற்றைக் கழித்தால் பிரிட்ஜின் கணக்கு வரும். 8 மணித்தியாலத்துக்கு அரை யூனிட் என்றால் மாதம் 45 யூனிட், பகல் வெக்கைக்கு இன்னும் கூடும். இலங்கையில் வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டில் இருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வீட்டுக்கு 10 யூனிட் குறைவதே பெரிய காரியம்.

அப்படியும் குறையவில்லை என்றால் புதுசு எடுக்கலாம். சின்னக் குடும்பத்துக்கு ஐஸ் கட்டுகிற ஒற்றைக் கதவுப் பெட்டியே போதும் என்பேன். இரட்டைக் கதவுப் பெட்டிகள் பெரும்பாலும் ஐஸ் கட்டாத வகை, அதில் ஐஸை உருக்க ஹீட்டரும் காற்றைச் சுற்ற ஃபேனும் ஓடும், அதுவும் பில்லில்தான் வரும். இரட்டைக் கதவு கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் இன்வேர்ட்டருக்குப் போங்கள். அது கொம்பிரசரை ஒரேயடியாக ஓட்டி நிற்பாட்டாமல் தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்து ஓட்டும், அதனால் மிச்சம் உண்டு. ஆனால் இடிமின்னலில் அதை இயக்குகிற எலெக்ட்ரோனிக் போர்ட் எரிந்தால் செலவு பெரிது, மழைக்காலத்தில் இடி தொடங்க முதலே பிளக்கைக் கழற்ற வேண்டும். ஸ்ரெபிலைசர் லோ வோல்ற்றேஜில் இருந்து பெட்டியைக் காக்கும், பில்லைக் குறைக்காது. வாங்கும்போது போர்ட் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமா, உத்தரவாதம் போர்ட்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.