நாசா பெண்கள்: லெகோவா, பார்பியா?

என்னிடம் இரண்டும் இருந்தன. ஒன்று 2017இல் வந்த லெகோவின் ‘விமன் ஆஃப் நாசா’, நாசாவில் வேலை செய்த நான்கு பெண்களின் குட்டி உருவங்களோடு 231 துண்டுகள். இன்னொன்று 2019இல் பார்பியின் ‘இன்ஸ்பைரிங் விமன்’ வரிசையில் வந்த சாலி ரைடு, விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண். அலமாரியில் ஒன்றுக்குத்தான் இடம் என்று வந்தபோது பார்பியை விற்றுவிட்டு லெகோவை வைத்துக்கொண்டேன்.

முகச்சாயல், உடைத் தையல் எல்லாவற்றிலும் பார்பிதான் மேல். பதினோரரை அங்குல உயரத்தில் நீல விமான உடையோடு நிற்பதற்கும், விரல் நுனி அளவு முகத்தில் ரெண்டு கோடு போட்டிருப்பதற்கும் போட்டியே கிடையாது.

ஆனால் லெகோவில் ஆள் மட்டும் வரவில்லை, அவர் செய்த வேலையும் கூடவே வருகிறது. வானியலாளர் நான்சி கிரேஸ் ரோமனுக்குப் பக்கத்தில் ஹபிள் தொலைநோக்கி; சாலி ரைடுக்கும் இன்னொரு விண்வெளி வீராங்கனை மே ஜெமிசனுக்கும் பின்னால் கழற்றி மாட்டக்கூடிய விண்வெளி ஓடம்; மென்பொருள் பொறியாளர் மார்கரெட் ஹாமில்டன் பக்கத்தில் அப்போலோ நிலவுப் பயணத்துக்கான மென்பொருள் கட்டு, அதாவது 1969இல் தன் உயரத்துக்கு அடுக்கிய அச்சுத்தாள்களோடு அவர் நிற்கும் அந்தப் புகைப்படமே பொம்மையாகி நிற்கிறது. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் “இது என்ன?” என்று கேட்பது அந்தக் கட்டைப் பார்த்துத்தான்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இதுகூட இல்லை, பெட்டியைத் திறக்கலாமா என்கிற கேள்விதான். சேகரிப்பு பார்பியைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே விலை இறங்கிவிடும். எடுக்காமல் வைத்தாலோ அட்டை வெயிலில் வெளுக்கக்கூடாது, மூலை மடங்கக்கூடாது, முன்பக்கப் பிளாஸ்டிக்கில் கீறல் விழக்கூடாது என்று பொம்மையை விட்டுவிட்டுப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எடுத்துவிட்டால் தூசி முடியில் ஏறும், சின்ன ஷூ ஒன்று தொலைந்தால் அதே ஷூ தேடி அலைய வேண்டும். லெகோவைத் திறந்து, கட்டி, கலைத்து, 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் அலசி, மறுபடி கட்டலாம். ஒரு துண்டு தொலைந்தால் லெகோ துண்டுகளைத் தனித்தனியாக விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் அந்த ஒரு துண்டை மட்டும் வாங்கலாம். எல்லாத் துண்டும் கையேடும் இருந்தால், பிரித்த செட்டையும் வாங்க ஆள் உண்டு. வெள்ளைத் துண்டுகள் வெயில் பட்டால் மஞ்சளாகும், அதனால் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

நான் வைத்திருந்தது ஒரே ஒரு பார்பி, அந்த அளவுக்குத்தான் என் பேச்சு செல்லும். அப்புறம், நாசாவின் கணிதவியலாளர் காத்தரின் ஜான்சன்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் வாதம் எதுவும் பொருந்தாது. இந்தச் செட்டுக்கான யோசனையை லெகோவுக்கு அனுப்பிய அறிவியல் எழுத்தாளர் மாயா வைன்ஸ்டாக்கின் முன்மொழிவில் அவரும் இருந்தார், விற்பனைக்கு வந்த செட்டில் இல்லை. பார்பியில் 2018லேயே வந்துவிட்டார்.

இந்த லெகோ செட் இப்போது பழைய பொருள் சந்தையில்தான் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் நான்கு உருவங்களையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முகத்திலும் உடையிலும் அச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துண்டுகளின் குமிழ்கள்மேல் லெகோ என்ற எழுத்து பொறித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், நகல்களும் சுற்றுகின்றன.