மழைக் கிராமங்களா, பனிக் கிராமங்களா: தெற்கு ஸ்பெயினில் ஒரு வாரக் கார்ப் பயணம்

மலாகா விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்ததும் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேற்கா, கிழக்கா? மேற்கே போனால் ரோண்டா, கிரசலேமா, அப்புறம் அட்லாண்டிக் கரையில் தாரீஃபா. கிழக்கே போனால் கிரனாடா, அல்புஹாரா மலைக் கிராமங்கள், கீழே மத்தியதரைக் கடல். ஒரே வாரத்தில் இரண்டையும் அடைக்கப் பார்த்தால் நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

படத்தில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள். ஆனால் கூரையைக் கவனியுங்கள். கிரசலேமாவில் சரிவான ஓட்டுக் கூரை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது அந்த மலையில்தான் என்பதால், ஸ்பெயினிலேயே மிக அதிகமாக மழை பெறும் ஊர்களில் அதுவும் ஒன்று. அல்புஹாராவிலோ தட்டையான மண் கூரை. கஷ்கொட்டை மர உத்தரம், அதன் மேல் கல் பலகை, அதற்கும் மேல் 'லௌனா' என்ற சாம்பல் நிறக் களிமண். அங்கே மழை குறைவு. சியரா நெவாடா மலையின் பனி உருகி வரும் தண்ணீர்தான் ஊரை வாழ வைக்கிறது. அதைத் திருப்பிவிட முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வெட்டிய வாய்க்கால்கள் பல இன்றும் ஓடுகின்றன. இந்த வாய்க்காலுக்கு ஸ்பானிஷில் வழங்கும் 'அசெக்கியா' என்ற பெயரே அரபியிலிருந்து வந்ததுதான். அங்குள்ள பம்பனெய்ரா கிராமத்தில் ஒரு தெருவின் நடுவிலேயே கையகல வாய்க்கால் ஒன்று சலசலத்துக்கொண்டு போகும். அதை ஒட்டியே மேலே ஏறி நடந்து பாருங்கள், கார் ஓட்டிய களைப்பு தெரியாது.

மேற்கின் பலம் ரோண்டா. 1793இல் முடிந்த பாலம், கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கின் மேல் நிற்கிறது. பகலில் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் நெரியும். அதனால் ஓர் இரவு தங்குங்கள், மாலைக்கு மேல் ஊர் உங்களுடையது. பக்கத்தில் செத்தேனில் என்ற ஊரில், பாறையே கூரையாக இருக்கும் தெரு. அதற்கு அரை நாள் போதும்.

கடற்கரை என்று வந்தால் மேற்குக்கே என் ஓட்டு. தாரீஃபாவிலிருந்து ஆப்பிரிக்கா 14 கி.மீ. தான். தெளிவான நாளில் மொராக்கோ மலைகள் கண்ணெதிரே நிற்கும். பக்கத்தில் பொலோனியாவில் நல்ல மணல், பெரிய மணல்மேடு, ரோமானியர் மீனை உப்பில் ஊறவைத்த கல் தொட்டிகள். ஆனால் 'லெவான்தே' என்ற கீழைக்காற்று பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் விடாது. மணல் காலில் ஊசியாகக் குத்தும், குழந்தைகளோடு உட்கார முடியாது. கிழக்குக் கரையில் பெரும்பாலும் சாம்பல் நிறக் கூழாங்கல், மோத்ரில் பக்கம் பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள். அழகில் ஒரு படி கீழேதான்.

இருந்தும் முதல் முறை போகிறவர்களுக்கு நான் கிழக்கையே சொல்வேன். கிரனாடாவிலிருந்து கடல் ஒரு மணி நேரத்துக்குள். குளிர்காலத்திலும் வசந்தத்திலும், பின்னால் பனிமலை தெரிய சலோப்ரேன்யாவில் கடலைப் பார்த்து நிற்கலாம். அந்தக் கரையில் மாம்பழமும், நம் சீத்தாப்பழத்தின் உறவான சிரிமோயாவும் விளைகின்றன. ஃப்ரிஹிலியானாவில் இன்னும் கரும்புப் பாகு காய்ச்சுகிறார்கள். வறுத்த கத்தரிக்காயின் மேல் அதை ஊற்றித் தருவார்கள். மலையில் எங்கு திரும்பினாலும் பன்றித் தொடைக் கறி தொங்கும் ஊர்களில் சைவம் சாப்பிடுகிறவருக்கு அது பெரிய ஆறுதல்.

ஓட்டுவதில் இரண்டும் ஒன்றுதான், கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் பிள்ளைகளை முன்கூட்டியே கவனியுங்கள். ஊருக்குள் காரை விடவே வேண்டாம், வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே அல்லது அக்டோபரில் போங்கள்.

கிழக்கு என்று முடிவானால் முதலில் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். அதற்குள் இருக்கும் நஸ்ரித் வம்ச அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குத்தான் அனுமதி. மற்ற நாட்களை அந்தத் தேதியைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்.