ரெசின் ராணுவ ஃபிகர் கிட்: பெட்டிப் படத்தை நம்பாமல் தரம் பார்ப்பது எப்படி

பெட்டி மேல் இருக்கும் படத்தை வைத்து ஒரு ரெசின் ஃபிகரின் (திரவ ரெசினை அச்சில் ஊற்றி வார்த்து, துண்டுகளாக வரும் சிறு வீரர் பொம்மை) தரத்தை முடிவு செய்யவே கூடாது. அதில் நாம் பார்ப்பது கைதேர்ந்த பெயிண்டரின் வேலை. உள்ளே பிளாஸ்டிக் உறையில் கிடக்கும் சாம்பல் நிறத் துண்டுகள் வார்ப்பவரின் வேலை. சிற்பி எவ்வளவு அருமையாகச் செதுக்கியிருந்தாலும், வார்ப்பு சொதப்பினால் நம் கைக்கு வருவது சொதப்பல்தான். பல வருடங்களாக 1/35 அளவு (நிஜ அளவில் 35-இல் ஒரு பங்கு) வீரர்களையும், நடுநடுவே 120 மி.மீ. உயர ஃபிகர்களையும் கட்டி வருகிறேன். இப்போதெல்லாம் பெட்டியைத் திறந்ததும் முகத்தைப் பார்ப்பதில்லை. வார்ப்புக் கட்டை எங்கே ஒட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

ரெசினை அச்சுக்குள் ஊற்றும் வழியில் மிஞ்சி நிற்கும் தடித்த துண்டைத்தான் கட்டை என்கிறேன். அதை அறுத்து எடுத்தாக வேண்டும். பூட்ஸின் அடியிலோ, கோட்டுக்குள் மறையும் கழுத்தின் அடியிலோ இருந்தால் அறுத்த தடம் வெளியே தெரியாது. முதுகுப்பையின் வார்ப்பட்டை மேலேயோ, விரல் நுனியிலோ, துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கோ ஒட்டியிருந்தால் அறுக்கும்போதே நுணுக்கம் போய்விடும். கட்டுபவனைப் பற்றித் தயாரிப்பாளர் கொஞ்சமாவது யோசித்தாரா என்பது இந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது குமிழிகள். பெரிய குமிழியைப் புட்டி வைத்து அடைத்துவிடலாம். மூக்கு நுனி, காது மடல், பட்டன் போன்ற இடங்களில் வரும் ஊசிமுனைக் குமிழிகள்தான் தொல்லை. அவற்றில் பல ப்ரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகுதான் கண்ணில் படும். அதனால் நான் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவியதும் (அச்சிலிருந்து பிரிக்கப் பூசும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் உரியும்) மெல்லியதாக ஒரு ப்ரைமர் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைகளைத் தொடங்குவேன்.

ரெசின் வார்க்கும் சிலிக்கோன் ரப்பர் அச்சு, பிளாஸ்டிக் கிட்டுக்கான உலோக அச்சு மாதிரி ஆயிரக்கணக்கில் தாங்காது. சில பத்து வார்ப்புகளிலேயே கிழியவும் தேயவும் ஆரம்பிக்கும். அதனால் ஒரே கிட்டை இரண்டு பேர் வாங்கி, ஒருவருக்குக் கூர்மையாகவும் மற்றவருக்கு மழுங்கலாகவும் கிடைப்பது சகஜம். விமர்சனம் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். யாரோ வாங்கிய பெட்டியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

வார்ப்பு சரி என்றால் அப்புறம் சிற்பம். 175 செ.மீ. உயர மனிதன் 1/35 அளவில் சரியாக 50 மி.மீ. வர வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தால் சில கிட்டுகளில் கூடைப்பந்து வீரர்கள் வெளியே வருவார்கள்! தலையும் கைகளும்தான் பொதுவாகப் பலவீனமான இடங்கள். ஹார்னெட் நிறுவனத்தின் தனித் தலைகள் இத்தனை காலமாக விற்பனையாவதற்கு இதுதான் காரணம். அல்பைன் மினியேச்சர்ஸ் கிட்டுகளில் ஒரு உடலுக்கு இரண்டு தலைகள் தருவார்கள். மற்ற நிறுவனங்களும் இதைச் செய்தால் நன்றாக இருக்கும். உடையில் மடிப்புகள் உடம்பின் அசைவுக்கு ஏற்ப விழுந்திருக்கின்றனவா, பெல்ட்டில் தொங்கும் பையின் கனம் தெரிகிறதா என்று பாருங்கள். காலப் பொருத்தமும் முக்கியம். 1940 பிரான்ஸ் என்று பெயர் போட்டுவிட்டு ஜெர்மன் வீரன் தலையில் எம்43 தொப்பி இருந்தால் அது தவறு, அந்தத் தொப்பி வந்ததே 1943-இல்தான்.

மலிவாகக் கிடைக்கும் நகல் வார்ப்புகள் வேண்டாம். அசலிலிருந்து மறுபடி அச்செடுக்கும்போது அளவு லேசாகச் சுருங்கும், நுணுக்கம் மழுங்கும். அசல் தலையை நகல் உடலில் வைத்தால் கழுத்துக் குழியில் உட்காராது. சிற்பியின் உழைப்பைத் திருடுவது என்பது தனிக் கதை.

நாள்பட்ட அனுபவத்தில் பார்த்தால், வளைந்த துப்பாக்கி ஒரு குறையே இல்லை. வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் போட்டால் நேராகிவிடும். ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் பெரிய ஃபிகர், வெப்பத்தில் கணுக்காலில் மெல்ல மெல்லச் சாயும். பித்தளைக் கம்பி செருகாமல் நான் எதையும் நிற்க வைப்பதில்லை. பிளாஸ்டிக் கிட் ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினில் பிடிக்காது, சூப்பர் க்ளூ அல்லது எபாக்சிதான். தேய்க்கும்போது உப்புத்தாளை நனைத்துக்கொண்டு, முகமூடியும் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இப்போது 3டி பிரிண்டரில் அச்சாகி வரும் ஃபிகர்களில் கட்டைத் தொல்லையும் குமிழியும் கிட்டத்தட்ட இல்லை. விரல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகூடத் திறந்தே வருகிறது. பதிலுக்கு, அச்சாகும்போது தாங்கி நிற்கும் கம்பிகளின் புள்ளித் தடங்களும், தோள், ஹெல்மெட் போன்ற வளைவுகளில் அடுக்குக் கோடுகளும் வரும். வெட்டும்போது வார்ப்பு ரெசின் கத்திக்கு வழிவிடும். 3டி அச்சு ரெசின் சட்டென்று சில்லாகத் தெறிக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இன்றைக்கும் நல்ல வார்ப்பு கிட்டைத்தான் சொல்வேன். வாங்கும் முன் பெயிண்ட் அடிக்காத துண்டுகளின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கிட் பாருங்கள்.