4,800 டாலருக்கு ஒரு போலிக் கையெழுத்து: லாங்ரைஃபிள் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள் என்று வீட்டில் சொன்னார்கள். தணியவில்லை. எனக்குப் போலியை விற்ற ஆள் இன்று அடுத்த துப்பாக்கியை ஏலத்தில் போட்டிருக்கிறான், அதனால் இப்போதே எழுதுகிறேன். 4,800 டாலர். நம்மூர்க் கணக்கில் நாலு லட்ச ரூபாய்க்கு மேல். எப்படிப் போனது என்பதையும் நீங்கள் எப்படித் தப்பிப்பது என்பதையும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நான் இருப்பது பென்சில்வேனியா. 1700களில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்துப் பக்கமிருந்து வந்த துப்பாக்கிக் கொல்லர்கள் லங்காஸ்டர் வட்டாரத்தில் உருவாக்கியதுதான் லாங்ரைஃபிள். அவர்கள் கொண்டுவந்த யேகர் ரகம் குட்டையானது. அதன் குழலை நாற்பது அங்குலத்துக்கு மேல் நீட்டி, துளையைச் சிறிதாக்கி, மேப்பிள் கட்டையில் பொருத்தினார்கள். நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கி மாதிரியே கரிமருந்தையும் குண்டையும் வாய்வழியாகப் போட்டு இடிக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசித் தீப்பொறி விழும். கென்டக்கி ரைஃபிள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவும் இதுதான்.

இந்தக் கைவேலை கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. 1960களில் வர்ஜீனியாவின் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற திறந்தவெளி வரலாற்று அருங்காட்சியகத்தில் துப்பாக்கிக் கொல்லர் வாலஸ் கஸ்லர், இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சிச் சுருட்டிக் குழல் அடிப்பது முதல் எல்லா வேலையையும் பழைய முறையிலேயே செய்து காட்டினார். கென்டக்கியில் ஹெர்ஷல் ஹவுஸும் அவருடைய சகோதரர்களும் தங்களுக்கென்று ஒரு பாணியையே உண்டாக்கினார்கள். 1996ல் இவர்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கியது, லெக்சிங்டனில் ஆண்டுதோறும் கண்காட்சி நடக்கிறது. இன்று உயிரோடு இருக்கும் ஒரு நல்ல கைவினைஞர் ஒரே துப்பாக்கிக்கு நூற்றுக்கணக்கான மணிநேரம் உழைக்கிறார். நான் சேகரிப்பது இவர்களுடைய வேலையைத்தான். பழையதை வாங்க நம்மால் முடியாது, அது வேறு உலகம்.

நான் வெகு நாளாகத் தேடியது பென்சில்வேனியாவில் உள்ள லெபனான் கவுண்டி (மாவட்டம் மாதிரி) பாணியில் ஒன்று. அங்கே ஜே.பி. பெக் என்ற கொல்லர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் செய்த துப்பாக்கிகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கன்னம் வைக்கிற இடத்துக்குப் பின்னால் புடைப்புச் செதுக்கல், துளையிட்டுக் கத்தரித்த பித்தளைத் தகடு. அந்தப் பாணியில், இப்போது பேர் பெற்ற ஒரு கைவினைஞர் செய்தது என்று ஒரு ஆன்லைன் ஏலத் தளத்தில் வந்தது. குழலின் மேல்பட்டையில் அவர் கையெழுத்து. விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'நம்பகமான விற்பனையாளர்' முத்திரை வேறு.

படத்தைப் பார்த்த உடனே பணம் கட்டவில்லை. போன் போட்டுப் பேசினேன். லாக்கை, அதாவது தீப்பொறி எழுப்பும் விசைப்பகுதியைக் கழற்றி, அது உட்காரும் மரக் குழியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். கையால் வெட்டியதற்கு அடையாளமான உளித்தடம் அச்சு அசலாகத் தெரிந்தது. பிறகு அரை மணிநேரம் பேசினான். அந்தக் கைவினைஞரின் பட்டறைக்கே போயிருக்கிறானாம். அக்வா ஃபோர்ட்டிஸ் என்கிற இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தை மேப்பிளில் பூசினால் முதலில் பச்சையும் சாம்பலுமாக அசிங்கமாக இருக்கும், சூடு காட்டியதும் கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும், அதைப் பார்த்து அழுதே விட்டேன் என்றான். அந்த இடத்தில்தான் நம்பினேன். இந்த வேலையை நேசிக்கிறவன்தான் இப்படிப் பேசுவான் என்று யாருக்கும் தோன்றும். 'சார், இது உங்களை மாதிரி ஆளிடம்தான் போகவேண்டும்' என்றான். ஏலம் முடிந்ததும் 4,800 டாலரை வங்கி வழியாக அனுப்பினேன். அந்தத் தளமே அனுமதிக்கிற வழிதான் அது.

வந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் கவுண்டியில் ஐம்பது வருஷமாக இதே வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை. துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தார். உண்மையான கர்லி மேப்பிளில், அதாவது இயற்கையாகவே வரி விழுந்த மேப்பிளில், வெளிச்சம் மாறும்போது வரியும் நகரும். இருட்டாக இருந்த கோடு வெளுக்கும், வெளுத்தது இருளும். இதில் பாதி வரி அசையவே இல்லை. சாயத்தால் வரைந்தது. பக்கத் தகட்டு ஆணிகளைத் திருகி லாக்கை வெளியே எடுத்தார். குழியின் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, மூலைகள் எல்லாம் உருண்டை. இயந்திரத்தில் வெட்டியது. எனக்கு வந்த படத்தில் இருந்த உளித்தடம் வேறு ஏதோ ஒரு துப்பாக்கியுடையது.

கடைசியாக லென்ஸை என்னிடம் கொடுத்து, கையெழுத்தைப் பார்க்கச் சொன்னார். குழலுக்குத் துருவேற்றிப் பழுப்பாக்கிய பிறகு அந்தப் பெயரை வெட்டியிருக்கிறார்கள். எழுத்தின் அடியில் இரும்பு பளபளவென்று மின்னியது. முதலிலேயே வெட்டியிருந்தால் எழுத்துக்குள்ளும் பழுப்பு ஏறியிருக்கும்.

கிட் துப்பாக்கி. கணினி இயந்திரம் முக்கால்வாசி வெட்டிக்கொடுக்கும் பாகங்களை வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பூட்டியது. கிட்டைப் பற்றிக் குறை சொல்லவில்லை, நன்றாகச் சுடும், நேர்மையாகக் கிட் என்று சொல்லி விற்றால் அதற்கும் மதிப்பு உண்டு. இதற்கு மிஞ்சிப்போனால் இரண்டாயிரம் தரலாம் என்றார் பெரியவர். நான் கொடுத்தது 4,800. அந்தக் கைவினைஞருக்கே படங்களை அனுப்பிக் கேட்டேன். 'இது என் கை இல்லை' என்று பதில் வந்தது. என் பணத்தை விட்டுத்தள்ளுங்கள், அந்த மனிதர் ஆயுள் முழுக்கச் சம்பாதித்த பெயரை ஒருவன் ஊசியால் கீறி விற்கிறான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விற்றவனைக் கூப்பிட்டேன். முதல்முறை 'அப்படியா, விசாரிக்கிறேன்' என்றான். அடுத்த முறை, அது இறந்துபோன ஒருவர் வீட்டுச் சாமான்களோடு வந்தது, தனக்கு எதுவும் தெரியாது என்றான். பட்டறையில் நின்று அழுத கதை எங்கே போனது என்று கேட்டேன். லைனைத் துண்டித்தான். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

தளம் இன்னும் மோசம். 'நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சந்திக்க வைக்கும் இடம் மட்டுமே.' பெரியவரின் கடிதம், கைவினைஞரின் பதில், லென்ஸ் வைத்து எடுத்த படம், எல்லாம் அனுப்பினேன். மூன்று நாள் பரிசோதனைக் காலம் முடிந்துவிட்டதாம். லாக் குழியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் கிடைத்து, அவர் நேரம் ஒதுக்குவதற்குள் மூன்று நாள் பறந்துவிடும் என்பது இவர்களுக்குத் தெரியாதா? அதன்பிறகு வந்ததெல்லாம் ஒரே வாசகம், அனுப்பியவர் பெயர் மட்டும் வேறு வேறு. வங்கியில் 'நீங்களே சம்மதித்து அனுப்பிய பணம்' என்றார்கள். காவல் நிலையத்தில் 'இது சிவில் தகராறு' என்றார்கள்.

ஒன்று கவனியுங்கள். 1968ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வாய்வழி கரிமருந்து இடிக்கிற இந்த ரகம் மத்திய அரசுக் கணக்கில் துப்பாக்கியே கிடையாது. உரிமம் பெற்ற கடைக்காரர் வழியாகக் கைமாற வேண்டியதில்லை, தபாலில் நேரே வீட்டுக்கு வரும். சேகரிப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் யார் செய்தது, யார் யாரிடம் இருந்தது என்று எந்தப் பதிவும் இல்லை. இந்த ஓட்டைக்குள்தான் இவன் மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள். இணையக் குற்றங்களுக்கான எஃப்பிஐ பிரிவில் புகார் பதிந்திருக்கிறேன். பார்ப்போம்.

விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். கையெழுத்தைக் காட்டினால், செய்தவர் உயிரோடு இருக்கும்போது அவரிடமே கேளுங்கள், பணம் கட்டுவதற்கு முன்பு. படம் வேண்டாம், வீடியோ கேளுங்கள்: லாக்கை உங்கள் கண்முன் கழற்றிக் குழியைக் காட்டி, அப்படியே நகர்த்திக் குழல் கையெழுத்தையும் ஒரே ஓட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்து மர வரி நகர்கிறதா என்று பாருங்கள். வங்கிப் பரிமாற்றம் வேண்டவே வேண்டாம், 4,800 டாலர் அப்படித்தான் போனது.

இன்று போட்டிருப்பதும் லெபனான் பாணிதான், பித்தளைத் தகட்டுடன். எனக்கு அனுப்பிய அதே உளித்தடப் படத்தை அதிலும் வைத்திருக்கிறான், படத்தின் இடது ஓரத்தில் நீலத் துணி தெரியும். ஏலம் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அதில் யாராவது விலை கேட்டிருந்தால் உடனே எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், என்னிடம் உள்ள படங்களையும் கடிதங்களையும் தருகிறேன்.