பாண்டி சர்வீஸ் சென்டர்ல ரீகால் வேலை: பம்ப் ஃப்ரீதான், அதுக்கு நாலு தடவ அலைஞ்சேன்

ரீகால்னா, வித்த வண்டில கோளாறு இருக்குன்னு கம்பெனியே திரும்ப கூப்ட்டு ஃப்ரீயா சரி பண்ணித் தர்றது. கம்பெனி பேரும் போடல, சர்வீஸ் சென்டர் பேரும் போடல, கமெண்ட்ல வந்து கேக்காதீங்க. பேரு போட்டா அங்க ஜாப் கார்டு எழுதற சின்ன பசங்க தலையிலதான் விடியும், தப்பு அவங்களோடது மட்டும் இல்ல. ஸ்டார் கேட்டீங்கன்னா 5க்கு 2½. செஞ்ச வேலைக்கு 4 குடுக்கலாம், அந்த வேலைய செய்ய வைக்க நான் பட்ட பாட்டுக்கு 1.

வண்டி செகண்ட் ஹேண்ட், 2019 மாடல் பெட்ரோல் கார். லாஸ்பேட்டைல ரிட்டயர் ஆன ஒரு சார்கிட்ட 3,85,000க்கு வாங்குனது. பாண்டி வண்டி சல்லிசா கெடைக்குதேன்னு தோணும், ஆனா என்ஓசி (பாண்டி ஆர்டிஓ தர்ற தடையில்லா சான்று) வாங்கி, நம்ம கடலூர் பக்கம் டாக்ஸ் கட்டி, பிஒய் 01 ப்ளேட்ட கழட்டிட்டு டிஎன் 31 மாட்டறதுக்குள்ள அந்த சல்லிசு எங்க போச்சுன்னே தெரியாது. அது வேற கத, ஆனா இந்த நம்பர் மாத்துன மேட்டர ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

கடலூர் மஞ்சக்குப்பத்துல வீடு, வேலை பாண்டில. மொத நாலு மாசம் வண்டி தங்கம். அப்புறம் சித்திர வெயில்ல ஒரு நாள் அம்மாவ கண்ணு காட்ட ஜிப்மருக்கு கூட்டிட்டு போறேன், அரியாங்குப்பம் பாலத்து மேல போயிட்டு இருக்கும்போதே எஞ்சின் ஆஃப் ஆயிடுச்சு. ஒதறல், சத்தம், ஒண்ணும் கிடையாது, ஃபேன் ஸ்விட்ச்ச அணைச்ச மாதிரி நின்னுச்சு. ஸ்டீயரிங் ஆட்டுக்கல்லு மாதிரி கனத்துப் போச்சு, பிரேக் மொத ரெண்டு மிதிக்கு புடிச்சுது, மூணாவது மிதிக்கு கட்டையா நிக்குது, பின்னாடி கடலூர் பஸ்ஸுக்காரன் ஹாரன்ல இருந்து கையவே எடுக்கல. அம்மா டேஷ்போர்டுல இருந்த பிள்ளையார ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாங்க. 10 நிமிஷம் ஓரங்கட்டி வச்சிருந்து சாவிய திருப்புனா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. அதுக்கப்புறம் தவளக்குப்பம் சிக்னல்ல ஒரு தடவ, கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு தடவ. எல்லாமே மத்தியானம் வெயில்ல, அதுவும் டேங்க்ல பெட்ரோல் கொறைவா இருக்கும்போது. இத நான் கவனிச்சு சர்வீஸ் சென்டர்ல சொன்னேன், யாரும் காதுல வாங்கல.

மொத விசிட்டு. ஏசி ஹால், காபி மெஷின், சர்வீஸ் அட்வைசர் தம்பி ரொம்ப மரியாதையா "சொல்லுங்க சார்"னான். ஸ்கேன் போட்டாங்க, எரர் எதுவும் காட்டல. "பெட்ரோல் சரியில்ல சார், எங்க போடறீங்க?"ன்னு கேட்டுட்டு எஞ்சினுக்கு காத்து விடற த்ராட்டில் பாடி கிளீனிங், பிளக் நாலும் மாத்தறது, டேங்க்ல ஊத்த ஏதோ ஒரு டப்பா, நான் கேக்காமயே வாட்டர் வாஷ், எல்லாம் சேத்து 4,800 ரூபா. மூணாம் நாள் திரும்ப நின்னுச்சு. ரெண்டாவது விசிட்ல ஒரு நாள் முழுக்க வச்சிருந்து "ஓட்டிப் பாத்தோம், ப்ராப்ளம் கெடைக்கல"ன்னு எழுதிக் குடுத்தாங்க. கெடைக்காது, காலைல 9 மணிக்கு ஃபுல் டேங்க்ல ஓட்டுனா எப்படி கெடைக்கும்? மூணாவது விசிட்டும் அதே பாட்டுதான், எழுதி ஒங்க நேரத்த வீணாக்கல.

கடைசில திருப்பாப்புலியூர்ல அப்பா காலத்துல இருந்து பழக்கமான மெக்கானிக் பாய்கிட்ட கொண்டு போனேன். அவரு கம்ப்யூட்டர்லாம் எடுக்கல. பெட்ரோல் மூடிய தொறந்துட்டு "தம்பி, சாவிய ஆன்ல மட்டும் வை, ஸ்டார்ட் பண்ணாத, காத இங்க வச்சு கேளு"ன்னாரு. நல்ல வண்டில சாவி போட்ட ஒடனே டேங்குக்குள்ள ரெண்டு செகண்டு ங்ஙீன்னு ஒரு சத்தம் வரும், அது பம்ப் பெட்ரோல ஏத்தற சத்தம். பக்கத்துல நின்ன வேற வண்டில அத கேக்க வச்சாரு, அப்புறம் என்னோடத. என்னோடது மூக்கடைச்சவன் மூச்சு விடற மாதிரி திக்கித் திக்கி வந்துச்சு. "பம்ப்பு டைட்டா சுத்துது. மாத்திடலாம், ஆனா காசு போடறதுக்கு முன்னாடி சேஸ் நம்பர கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாரு, இந்த பம்ப்புக்கு நெறய வண்டிய திரும்ப கூப்டுருக்கானுங்க"ன்னாரு. நியாயமா பாத்தா இந்த ரிவ்யூவே பாய் கடைக்குதான் எழுதணும். 100 ரூபா கூட வாங்கல மனுசன், டீ மட்டும் சொன்னாரு.

அங்கயே நின்னு ஃபோன்ல ஆர்சிய பாத்து சேஸ் நம்பரோட 17 எழுத்தையும் அடிச்சேன். "உங்கள் வாகனம் இந்த ரீகாலில் உள்ளது" அப்படின்னு வருது! ஃபியூயல் பம்ப். ஃப்ரீயா மாத்தித் தருவாங்களாம். பம்ப்புக்குள்ள இம்பெல்லர்னு சின்ன பிளாஸ்டிக் சக்கரம் ஒண்ணு இருக்கு, அது பெட்ரோல குடிச்சு குடிச்சு உப்பிப்போயி சுவத்துல ஒரசும், சூடு ஏறினா நின்னுடும், ஆறினா திரும்ப சுத்தும். பம்ப்பு குளிர்றதே சுத்தி இருக்கற பெட்ரோலாலதான், அதான் கொறஞ்ச டேங்க்ல, மத்தியானத்துல நின்னுருக்கு. உலகம் பூரா பல கம்பெனி இதே காரணத்துக்கு வண்டிய திரும்ப கூப்டுருக்கு, ஸ்கேன்ல வராத பிரச்சனன்னு சர்வீஸ் சென்டர்காரங்களுக்குத் தெரியாம இருக்காது.

அப்ப எனக்கு ஏன் யாரும் சொல்லல? லாஸ்பேட்டை சாருக்கு ஃபோன் பண்ணேன். "ஆமாப்பா, கம்பெனில இருந்து ஏதோ லெட்டர் வந்துச்சு, சர்வீஸ் ஆஃபர்னு நெனச்சு பேப்பர்காரனுக்கு போட்டுட்டேன்"ன்னாரு. அவர திட்டவும் மனசு வரல, நம்மளும் அதான் பண்ணுவோம். லெட்டர், எஸ்எம்எஸ் எல்லாம் கம்பெனி கணக்குல இருக்கற மொத ஓனருக்குதான் போவுது, நம்ம ஆர்டிஓல பேரு மாத்துனது அவன் சிஸ்டத்துக்கு தெரியாது. ஆனா ரீகால்ங்கறது சேஸ் நம்பரோட போறது, எத்தன கை மாறினாலும் வேலை ஃப்ரீதான். 2021 மே மாசம் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 பைக்க திரும்ப கூப்டாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல மாருதி 1,81,754 பெட்ரோல் கார கூப்டாங்க. கூப்ட்டத தப்புன்னு சொல்லல, கூப்டறவன்தான் யோக்கியன். ஆனா பாண்டில கைமாறின புல்லட் எத்தன ஓடுதுன்னு யோசிச்சுப் பாருங்க, அதுல எத்தன பேருக்கு அந்த லெட்டர் போயிருக்கும்?

நாலாவது விசிட்டு, ஃபோன்ல ஸ்கிரீன்ஷாட்டோட போறேன். "லெட்டர் எடுத்துட்டு வந்தீங்களா சார்?" இல்ல. "வண்டி உங்க பேர்ல காட்டலயே சார்." ஆர்சிய நீட்டுனேன். "எங்க சிஸ்டத்துல இந்த வண்டிக்கு ரீகாலே இல்ல சார்"னு சொல்லி மானிட்டர என் பக்கம் திருப்பிக் காட்டறான், நெஜமாவே இல்ல. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அப்புறம் பழைய பில்லு மூணையும் டேபிள்ல வச்சு ஆர்சியோட ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு பாத்தா, பி எழுத்து இருக்க வேண்டிய எடத்துல 8னு அடிச்சு வச்சிருக்காங்க. என்ன நடந்திருக்குன்னா, மொத நாளு டிஎன் 31 நம்பர போட்டு தேடிருக்காங்க, அவங்க கணக்குல அது இன்னும் பிஒய் 01, அதனால வண்டியே கெடைக்கல, சரி புது கஸ்டமர்னு ஒரு என்ட்ரிய போட்டு சேஸ் நம்பர தப்பா ஏத்திட்டாங்க, அப்புறம் மூணு விசிட்டுக்கும் அந்த தப்பு நம்பரே ஓடிருக்கு. ஒரே ஒரு எழுத்து. எங்கம்மா பாலத்து மேல பிள்ளையார புடிச்சுக்கிட்டு உக்காந்த அந்த கோளாறு, இந்த ஒரு எழுத்தால மூணு விசிட்டுக்கும் சரியாவாமயே இருந்துச்சு.

நல்லத சொல்லாம விட்டா பாவம். தப்ப பாத்த ஒடனே ஃப்ளோர் இன்சார்ஜ் இறங்கி வந்து சாரி சொன்னாரு, சப்பக்கட்டு கட்டல. ஸ்பேர் வர 16 நாளாச்சு, அது வரைக்கும் வண்டிய தூரம் எடுக்காதீங்க, அர டேங்குக்கு கீழ எறக்காதீங்கன்னு அவரே ஃபோன் பண்ணி சொன்னாரு. பம்ப் வந்த அன்னிக்கு பின் சீட்ட தூக்கி, பழச கழட்டி, புதுசோட பாக்கெட்டயும் பார்ட் நம்பரயும் என் கண் முன்னாடி காட்டித்தான் மாட்டுனாங்க. ஒண்ணேகால் மணி நேரம், காசு ஜீரோ. ஜாப் கார்டுல "ரீகால் வேலை முடிந்தது"ன்னு எழுதி சீல் போட்டு குடுங்கன்னு கேட்டேன், மூஞ்ச சுளிக்காம குடுத்தாங்க. நாளைக்கு வண்டிய விக்கும்போது அந்த ஒரு பேப்பருக்கு மதிப்பு இருக்கு. பழைய பம்ப்ப கேட்டேன், கம்பெனிக்கு திருப்பி அனுப்பணும்னு தரல, சரி.

இந்த கூத்த எங்க சித்தப்பா பையன்கிட்ட சொன்னேன், கலிபோர்னியால இருக்கான். "இங்கலாம் லெமன் லா இருக்குண்ணா"ன்னான். வாங்கி 18 மாசத்துக்குள்ள, 18,000 மைல் தாண்டறதுக்குள்ள, உயிருக்கு ஆபத்தான கோளாறுன்னா ரெண்டு தடவ ரிப்பேருக்கு விட்டும் சரியாவலன்னா, மத்த கோளாறுன்னா நாலு தடவ, இல்ல மொத்தமா 30 நாளுக்கு மேல வண்டி ஒர்க்ஷாப்லயே கெடந்தா, அது லெமன், அதாவது ஓட்ட வண்டின்னு சட்டமே எடுத்துக்கும், கம்பெனி வண்டிய திரும்ப எடுத்துக்கிட்டு பணத்த குடுக்கணும், இல்ல வேற வண்டி குடுக்கணும். நம்ம ஊர்ல புது வண்டி வாங்கி மணக்குள விநாயகர் கோயில் வாசல்ல நிறுத்தி சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம் நசுக்கறோம், அங்க வண்டியே எலுமிச்சம்பழம். எனக்கு அதுல ரொம்ப புடிச்சது வேற ஒண்ணு: அப்படி கம்பெனி திரும்ப எடுத்த வண்டிய மறுபடி வித்தா டிரைவர் பக்கத்து கதவு ஃப்ரேம்ல "லெமன் லா பைபேக்"னு ஸ்டிக்கர் ஒட்டியே ஆவணும், பத்திரத்துலயும் போடணும். செகண்ட் ஹேண்ட் வாங்கறவனையும் நெனச்சு எழுதுன சட்டம் அது.

நம்மகிட்ட அப்படி தனியா லெமன் சட்டம் கெடையாது. இருக்கறது ரெண்டு. ஒண்ணு, 2019 மோட்டார் வாகன திருத்தச் சட்டத்துல வந்த ரீகால் விதி, 2021 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு, ஒரே கோளாறுக்கு குறிப்பிட்ட அளவு ஓனருங்க அரசோட வாகன் போர்ட்டல்ல புகார் போட்டா அரசே விசாரிச்சு ரீகால் பண்ணச் சொல்லலாம், 10 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும் அபராதம், வண்டி 7 வருஷத்துக்குள்ள இருக்கணும். ஆனா அது கூட்டத்துக்கான சட்டம், என் ஒத்த வண்டி நின்னா அதுக்கு பதில் அதுல இல்ல. ஒத்த ஆளுக்கு இருக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். அதுலயும் வண்டியவே மாத்திக் குடுன்னு கேட்டா தயாரிப்புக் குறைன்னு நிபுணர் ரிப்போர்ட் வேணும்பாங்க, 2006ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு கார் கேஸ்ல, வாரண்டில பார்ட் மாத்தறதுதான் இருக்கு, முழு வண்டிய மாத்தச் சொல்ல முடியாதுன்னு சொல்லிருக்கு. நம்ம பக்கம் இருக்கறவங்களுக்கு இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, கடை பாண்டில இருந்தாலும் நான் குடியிருக்கற கடலூர் மாவட்ட ஆணையத்துலயே புகார் குடுக்கலாம், ஸ்டேட் தாண்டி அலைய வேண்டாம். குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் கெடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அவ்ளோதான்.

நான் அந்த அளவுக்கு போவல. ரீகால் பம்ப்புக்கு பதிலா த்ராட்டில் பாடிய கழுவி வாங்குன 4,800 மட்டும் என்ன உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மேனேஜர்கிட்ட கேட்டேன், "அந்த வேலை செஞ்சோமே சார்"னாரு. செஞ்சீங்க, ஆனா கோளாறு அதுல இல்லயே, கால் வலிக்கு பல்ல புடுங்கிட்டு பல்ல புடுங்குனோமேன்னா என்ன அர்த்தம்? நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சேன், தமிழ்லயே பேசலாம், மூணு ஜாப் கார்டு, சேஸ் நம்பர் தப்பா இருந்த பில்லு, ரீகால் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்புனேன். 12வது நாளு கம்பெனில இருந்தே ஒரு அம்மா பேசுனாங்க, அதுக்கு அடுத்த வாரம் 4,300 அக்கவுண்ட்ல ஏறிடுச்சு. மிச்சம் 500 வாட்டர் வாஷுக்கு புடிச்சுக்கிட்டாங்களாம். வாட்டர் வாஷ் நல்லாதான் பண்ணிருந்தாங்க, அதுல எனக்கு தகராறு இல்ல.